பாதி வழியில் நிற்கும் ஓவியம்

சித்திரம் கைப்பழக்கத்தால் வருவது என்று ஔவையார் பெயரால் வழங்கும் வாக்கை நம்மில் அறியாதார் இல்லை. பள்ளிச் சுவர்களில் அதை எழுதி வைக்கிறோம். பேச்சுப் போட்டிகளில் முழங்குகிறோம். ஆனால், கை எந்த இடத்தில் பழக வேண்டும் என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. கோடு இழுக்கச் சொல்லிக் கொடுக்கிறோம். வண்ணம் கலக்கச் சொல்லிக் கொடுக்கிறோம். முடிந்த படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டுகிறோம். கோட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு நெடுவழி கிடக்கிறது. பெரும்பாலான படங்கள் அந்த வழியிலேதான் மடிகின்றன. ஓவியராக வேண்டும் என்று ஆசைப்பட்ட பலர் தூரிகையைக் கீழே வைத்ததும் அங்கேதான்.

ஒரு மாணவன் நீர்வண்ணத்தில் ஒரு காட்சியை வரைகிறான் என்று வைத்துக் கொள்வோம். செம்பனைத் தோட்டம், அதன் ஓரத்தில் ஒரு மாரியம்மன் கோயில், பின்னால் மாலை வானம். பென்சில் கோடுகள் நன்றாக அமைந்துவிட்டன. பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்த்து மெச்சுகிறான். வானத்துக்கு முதல் வண்ணம் பூசியதும் பையன் முகம் மலர்கிறது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் நிலைமை வேறு. கோபுரம் வானத்தோடு ஒட்டிக் கொண்டது. மரங்கள் கரும்பச்சைத் திட்டுகளாயின. அவசரத்தில் கலந்த சிவப்பும் பச்சையும் சேற்று நிறமாக மாறிவிட்டன. கோட்டில் இருந்த அழகு போயிற்று. வண்ணத்தில் வர வேண்டிய அழகு இன்னும் வரவில்லை. அவன் தாளைக் கசக்கிவிட்டு, "வேற தாள் கொடுங்க ஐயா" என்று வந்து நிற்கிறான்.

இந்த இடத்தையே ஓவியத்தின் நடுக்கட்டம் என்று இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். இது ஏன் வருகிறது, இதைக் கடந்தவர்கள் எவ்வாறு கடந்தார்கள், நம் பிள்ளைகள் கடப்பதற்கு நாம் செய்ய வேண்டியது யாது என்பனவற்றைச் சிறிது ஆராய்வோம்.

புனையா ஓவியம்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், போர்ப் பாசறைக்குச் சென்ற மன்னனைப் பிரிந்து வருந்தும் அரசியை நக்கீரர் நமக்குக் காட்டுகிறார். அணிகளைக் களைந்து ஒப்பனையின்றி இருக்கும் அவளுக்குப் புனையா ஓவியத்தை உவமை கூறுகிறார். வண்ணம் தீட்டப் பெறாமல் கோட்டளவில் நிற்கும் சித்திரமே புனையா ஓவியம் ஆகும். மணிமேகலையிலும் இவ்வுவமை பயின்று வருகிறது. ஆகவே கோட்டோவியத்துக்குத் தனிப் பெயர் இட்டு, அதில் ஓர் அழகு இருப்பதையும் கண்டு சொன்னவர்கள் நம் முன்னோர். ஓவியத்தின் கடைசிச் செயலுக்கும் ‘கண் திறத்தல்’ என்ற இனிய பெயர் உண்டு. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையோ எந்த அரசிக்கும் உவமையாகச் சொல்லத் தகாதது!

கோட்டோவியம் ஏன் அழகாக இருக்கிறது? அது எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. நான்கு வளைகோடுகளைக் கண்டதும் காண்பவர் மனம் தானே முன்வந்து தசையையும் நிறத்தையும் ஒளியையும் நிரப்பிக் கொள்கிறது. குறை எதுவும் கண்ணில் படுவதில்லை. ஏனெனில் நிரப்பியவர் நாமே. வண்ணம் பூசத் தொடங்கியதும் அந்த வசதி போய்விடுகிறது. வானம் இன்ன நீலம், நிழல் இன்ன கருமை என்று ஓவியன் துணிந்து சொல்லியாக வேண்டும். கோடு வாக்குக் கொடுக்கிறது; வண்ணம் அந்த வாக்கை நிறைவேற்ற வேண்டியிருக்கிறது. கொடுத்த வாக்கில் பாதியை நிறைவேற்றிய நிலை எவருக்குத்தான் அழகாக இருக்கும்?

கண் செய்யும் மயக்கம்

நடுக்கட்டத்தில் படம் அழகற்றுத் தோன்றுவதற்கு இயற்கை நூல் சார்ந்த ஒரு காரணமும் உண்டு. பாரிசு நகரில் கோபலின் என்னும் புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடம் இருக்கிறது. 1824ஆம் ஆண்டில் அங்குச் சாயப் பிரிவின் பொறுப்பை ஏற்றவர் செவ்ரல் என்ற வேதியியல் அறிஞர். அங்கே சாயமேற்றிய கறுப்பு நூல் போதிய கருமையுடன் இல்லை என்ற குறை அவரிடம் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்ததில் சாயத்தில் பிழை இல்லை. நீலம், ஊதா ஆகிய நிறங்களுக்கு அருகில் அக்கறுப்பு நெய்யப்பட்டிருந்தமையால் கண்ணுக்கு வலுவிழந்து தோன்றியது. ஒரு நிறம் எப்படித் தோன்றும் என்பது அதன் அண்டை நிறத்தைப் பொறுத்தது என்னும் உண்மையை அவர் விரிவாக ஆய்ந்து 1839ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பிற்கால ஓவியர் பலருக்கு அந்நூல் வழிகாட்டியாயிற்று.

இதை நம் மாணவனின் தாளோடு பொருத்திப் பாருங்கள். வெள்ளைத் தாளின் நடுவே அவன் கோபுரத்துக்குச் சாம்பல் நிறம் பூசுகிறான். சுற்றிலும் வெள்ளை இருப்பதால் அது மிகவும் கருமையாகத் தெரிகிறது. அஞ்சி, நீரை ஊற்றி வெளிற வைக்கிறான். பிறகு சுற்றிலும் வானத்தையும் மரங்களையும் பூசியதும் அதே கோபுரம் சோகை பிடித்ததுபோல் வெளிறிக் கிடக்கிறது. இங்கே பிழைத்தது கையன்று. நேரம் வருமுன் தீர்ப்புச் சொன்ன கண். அண்டை நிறங்கள் எல்லாம் வந்து சேரும்வரை எந்த நிறத்தையும் சரி என்றோ தவறு என்றோ முடிவு செய்ய இயலாது. ஆகையால் நடுக்கட்டத்தில் ‘கெட்டுவிட்டது’ என்று தோன்றும் படங்களில் பல உண்மையில் கெட்டவை அல்ல. இன்னும் கூடி வராதவை.

வேறு காரணங்களும் இருக்கின்றன. நீர்வண்ணம் ஈரத்தில் ஒருவிதமாகவும் உலர்ந்தபின் சற்று வெளிறியும் தோன்றும். கிள்ளான் வட்டாரத்தின் ஈரக் காற்றில், குறிப்பாக மழை நாட்களில், முதற்பூச்சு உலர நேரமாகும். உலர்வதற்குள் அடுத்த வண்ணத்தை வைத்தால் இரண்டும் கலந்து கலங்கும். மேலும், பிள்ளைகள் தமக்குப் பிடித்த ஒரு மூலையை முற்றாக முடித்துவிட்டு, மற்ற இடங்களை வெறுமையாக விடுவர். அந்த மூலை மட்டும் அரங்கேறிவிட்ட நாட்டியம் போலவும், மற்றவை ஒத்திகை போலவும் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே படத்தை ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்த கண் களைத்துப் போகிறது. களைத்த கண்ணுக்குக் குறை மட்டுமே தெரியும்.

தஞ்சைப் பலகையும் பாத்தேக் துணியும்

பழைய கைவினைஞர்கள் இந்த இடரை எவ்வாறு சமாளித்தார்கள் என்பது அறியத்தக்கது. தஞ்சாவூர் ஓவியத்தை எடுத்துக் கொள்வோம். மராட்டிய மன்னர் ஆட்சியில், சிறப்பாக 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் காலத்தில் செழித்த கலை அது. பலா மரப் பலகையின்மேல் துணியைப் பசையிட்டு ஒட்டுவார்கள். அதன்மேல் சுண்ணத் தூளும் பசையும் கலந்து பூசி, தேய்த்து வழவழப்பாக்குவார்கள். பின்னர் உருவத்தைக் கோட்டில் வரைவார்கள். இதுவரை பார்க்க நன்றாகவே இருக்கும். அடுத்து வருவது மக்கு வேலை. சுண்ணத் தூளையும் கோந்தையும் குழைத்து, நகைகள், மண்டபத் தூண்கள், திருவாசி ஆகியவை வர வேண்டிய இடங்களில் மேடு மேடாக அப்புவார்கள். கற்களைப் பதிப்பார்கள். அப்போது பலகையைப் பார்ப்பவர், கண்ணனைக் காண மாட்டார். வெள்ளைச் சேற்றுக் கட்டிகளைத்தான் காண்பார். அதன்மேல் தங்கரேக்கு ஒட்டி, வண்ணம் தீட்டி, இறுதியில் முகத்தின் நுண்கோடுகளை எழுதும்போதுதான் கண்ணன் வருகிறான்.

தஞ்சைக் கலைஞர் மக்கு அப்பும்போது மனம் உடைந்து பலகையை வீசுவதில்லை. ஏன்? ‘இப்போது அழகாக இருக்கிறதா?’ என்று அவர் தம்மைக் கேட்டுக் கொள்வதே இல்லை. ‘மக்கு சரியாகப் பிடித்திருக்கிறதா? ரேக்கு ஒட்டத் தகுதியாக இருக்கிறதா?’ என்பதே அவர் கேள்வி. அந்தந்தப் படிக்கு உரிய கேள்வியை அந்தந்தப் படியில் கேட்பது என்னும் ஒழுங்கைப் பரம்பரை அவருக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது.

நம் நாட்டிலேயே இதற்கு இணையான ஒன்று பாத்தேக் கலை. துணியில் சாந்திங் என்னும் கருவியால் உருக்கிய மெழுகைக் கோடாக விடுகிறார்கள். மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. ஒரு சாயம், மறுபடி மெழுகு, மறுபடி வேறு சாயம் என்று வேலை வளர வளர, துணி மொறமொறப்பாகிக் கறைபட்டுக் கிடக்கும். கொதிநீரில் இட்டு மெழுகை நீக்கிய பிறகே உள்ளே இருந்த சித்திரம் வெளிப்படும். பினாங்கைச் சேர்ந்த சுவா தியான் தெங், 1950களில் இம்முறையை உடைத்துணியிலிருந்து சட்டமிட்டு மாட்டும் ஓவியத்துக்குக் கொண்டு வந்து உலகப் புகழ் பெற்றார். அவர் கண்ட அழகெல்லாம் மெழுகுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த அழகே ஆகும்.

நடுக்கட்டத்தில் நின்று யோசிக்கவே இடம் தராத முறையும் ஒன்று உண்டு. 1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்று அறைகளில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சென்னை அரும்பொருட்காட்சியகத்தின் வேதியியல் அறிஞர் எஸ். பரமசிவன் அவற்றை ஆராய்ந்து, ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் எழுதப்பட்டவை என்று முடிவு கூறினார். அவ்வகை ஓவியத்தில் பூச்சு உலருமுன் வேலை முடிந்தாக வேண்டும். தயங்குவதற்கு நேரமே இல்லை. தயக்கத்தையெல்லாம் சுவருக்கு முன் வருமுன்பே தீர்த்துக் கொண்டவர்களே அதைச் செய்ய முடியும்.

22 புகைப்படங்கள்

கைவினைஞருக்கு மரபு படிகளை வகுத்துக் கொடுத்தது. ஆனால், தன் மனத்தில் தோன்றியதைத் தன் வழியில் வரையும் ஓவியனுக்கு வகுத்த படிகள் இல்லை. அவன் என்ன செய்கிறான்? இதற்கு விடை காண நமக்கு நல்ல சான்றுகள் கிடைத்திருக்கின்றன. ஏனெனில் 20ஆம் நூற்றாண்டில் சில பெரிய ஓவியங்கள் வளர வளரப் புகைப்படம் எடுத்து வைக்கப்பட்டன.

பிரஞ்சு ஓவியர் மத்தீசு 1935ஆம் ஆண்டு மே மாதம் முதல் அக்டோபர் வரை ஒரே ஓவியத்தில் உழைத்தார். ஒரு பெண் சாய்ந்து படுத்திருக்கும் படம் அது. இன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதன் 22 நிலைகளைப் புகைப்படம் எடுத்து, பின்னர் அதை வாங்கிய எட்டா கோன் அம்மையாருக்கு அவர் அனுப்பி வைத்தார். முதல் நிலைகளில் உருவம் இயற்கையாக இருக்கிறது. பின்னால் நாற்காலி, பூக்கள், ஆழமுள்ள அறை எல்லாம் தெரிகின்றன. போகப் போக உருவம் பெருகிச் சட்டத்தின் விளிம்பைத் தொடுகிறது. அறை தட்டையாகி நீலக் கட்டங்களாக மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் வண்ணத்தில் செய்யுமுன், வண்ணத்தாளை வெட்டி ஓவியத்தின்மேல் குத்தி வைத்து அவர் சோதித்துப் பார்த்தார். கடைசிப் படத்தின் எளிமையைக் காண்பவர், ஒரே மூச்சில் வரைந்தார் என்றே எண்ணுவார். அந்த ஒரு மூச்சுக்கு ஆறு மாதம் ஆயிற்று.

இரண்டாம் சான்று இதைவிடப் புகழ்பெற்றது. 1937ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் இசுபானிய நாட்டின் கெர்னிக்கா என்ற ஊர்மீது குண்டு பொழியப்பட்டது. மே முதல் நாளன்று பிக்காசோ அது பற்றிய வரைவுகளைத் தொடங்கினார். ஜூன் தொடக்கத்தில் ஏறக்குறைய 3.5 மீட்டர் உயரமும் 7.8 மீட்டர் அகலமும் உள்ள ஓவியம் முடிந்துவிட்டது. இடையில் அது மாறிய நிலைகளைத் தோரா மார் என்ற பெண்மணி புகைப்படங்களாக எடுத்தார். தொடக்கத்தில் நடுவே ஒரு கை முட்டியை உயர்த்தி நிற்கிறது. அடுத்து அதில் தானியக் கதிர்களும் பின்னே சூரிய வட்டமும் சேர்கின்றன. பிறகு கையே மறைந்து போகிறது. சூரியன் இருந்த இடத்தில் இறுதியில் மின்விளக்கு எரிகிறது. தாழ்ந்து கிடந்த குதிரையின் தலை நிமிர்ந்து கதறுகிறது.

இவ்விரு சான்றுகளிலும் நாம் காண்பது யாது? நடுக்கட்டத்தில் இருவரும் முதற்கோட்டைக் காப்பாற்ற முயலவில்லை. உயர்ந்த முட்டி நன்றாகவே வரையப்பட்டிருந்தது; ஆயினும் படம் சொல்ல வந்ததற்கு அது உதவவில்லை என்று கண்டதும் பிக்காசோ அதை அழித்தார். நன்றாக அமைந்த ஒரு பகுதியை முழுமைக்காக இழக்கத் துணிவதே நடுக்கட்டத்தின் உண்மையான துன்பம். தொடக்கத்தில் என்ன வரையப் போகிறோம் என்று நமக்குப் பாதிதான் தெரியும். மீதியைத் தெரிந்து கொள்ளும் இடம் இந்த நடுக்கட்டமே. ஆதலின் அதைத் தாண்டிக் குதிக்க இயலாது; அதன் வழியே நடந்துதான் தீர வேண்டும்.

நடப்பது எப்படி?

பயிற்சி பெறுவோர் கைக்கொள்ளத்தக்க சில முறைகளை இங்குத் தருகிறேன்.

முதலாவது, வெள்ளையை விரைவில் மூட வேண்டும். எந்த மூலையையும் முடிக்காமல், தாள் முழுவதற்கும் மெல்லிய முதற்பூச்சைப் பரப்பிவிட வேண்டும். நீர்வண்ணத்தில் ஒளிக்காக வெள்ளையாக விட வேண்டிய இடங்களை மட்டும் முன்கூட்டியே குறித்துக் கொள்ளலாம். செவ்ரல் கண்ட மயக்கம் இதனால் பெரிதும் தணியும்.

இரண்டாவது, கண்ணைப் பாதி மூடிப் பார்க்க வேண்டும். இமைகளைச் சுருக்கினால் நுண்மைகள் மறைந்து, எது இருள் எது ஒளி என்பது மட்டும் தெரியும். நடுக்கட்டத்தில் தடுமாறும் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு நோய் நிறத்தில் இல்லை. இருளும் ஒளியும் பிரியாமல் எல்லாம் ஒரே நடுத்தர அளவில் இருப்பதில்தான் இருக்கிறது. மிகவும் இருண்ட இடம் எது, மிகவும் ஒளியுள்ள இடம் எது என்று இரண்டை முடிவு செய்துவிட்டால், மற்றவை அவற்றுக்கு இடையில் தம் இடத்தைத் தேடிக் கொள்ளும்.

மூன்றாவது, படத்தைப் புதிய கண்ணால் பார்க்க வேண்டும். இத்தாலிய மேதை லியோனார்தோ தா வின்சி தம் குறிப்புகளில், ஓவியத்தைக் கண்ணாடியில் பார்த்தால் பிறர் வரைந்ததுபோல் தோன்றிப் பிழை புலப்படும் என்றும், இடையிடையே வேலையை விட்டுச் சற்று ஓய்ந்து திரும்பினால் மதிப்பீடு தெளியும் என்றும் அறிவுறுத்துகிறார். கண்ணாடி இல்லாவிடில் படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்க்கலாம். சுவரில் சாய்த்துவிட்டுப் பத்தடி தள்ளி நிற்கலாம். தாள் உலரும் நேரமும் வீணன்று. அது கண்ணுக்கு ஓய்வு.

நான்காவது, ஒரு நேரத்தில் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். ‘படம் நன்றாக இல்லையே’ என்பது கேள்வியன்று, புலம்பல். ‘கோபுரம் வானத்திலிருந்து ஏன் பிரியவில்லை?’ என்பது கேள்வி. புலம்பலுக்கு மருந்து இல்லை. கேள்விக்கு விடை உண்டு. மாற்றத்தைத் தாளில் செய்ய அஞ்சினால், மத்தீசு செய்ததுபோல் ஒரு துண்டுத் தாளில் அந்நிறத்தைப் பூசி, உரிய இடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஐந்தாவது, நுண்வேலையைக் கடைசிக்கு ஒதுக்க வேண்டும். இலங்கையில் புத்தர் திருவுருவங்களுக்குக் கண் எழுதுவதை எல்லாவற்றுக்கும் பிந்திய சடங்காகச் செய்யும் வழக்கத்தை, யாழ்ப்பாணத் தமிழ்க் குடியில் தோன்றிய ஆனந்த குமாரசுவாமி தம் 1908ஆம் ஆண்டு நூலில் விரிவாக எழுதியுள்ளார். சமயக் கருத்து ஒருபுறம் இருக்க, தொழில் முறையிலும் அதில் நல்லறிவு இருக்கிறது. கண்ணை முதலில் எழுதிவிட்டவன், முகத்தை மாற்ற வேண்டி வரும்போது அந்தக் கண்ணை அழிக்க மனம் வராமல் முழுப் படத்தையும் கெடுத்துக் கொள்வான்.

இவ்வளவும் செய்தும் தேறாத படங்கள் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. லியோனார்தோவே 1481ஆம் ஆண்டில் ஒரு மடத்துத் துறவியருக்காகத் தொடங்கிய, குழந்தை இயேசுவை ஞானியர் வணங்கும் ஓவியத்தைப் பழுப்பு நிறப் பூச்சளவில் விட்டுவிட்டு மிலான் நகருக்குச் சென்றுவிட்டார். துறவியர் காத்திருந்து, பிலிப்பினோ லிப்பி என்பவரிடம் 1496ஆம் ஆண்டில் வேறு படம் பெற்றனர். முடியாத அந்தப் படத்தைப் புளோரன்சு நகரில் இன்றும் மக்கள் சென்று காண்கிறார்கள். ஆனால், கைவிடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. உலர்ந்தபின், மறுநாள், தள்ளி நின்று பார்த்து, ‘இனி இதில் நான் கேட்பதற்குக் கேள்வி இல்லை’ என்று கண்ட பிறகு விடுவது முறை. ஈரத்தோடு கசக்கி எறிவது முறையன்று.

வகுப்பறையில் நடப்பது

இனி ஆசிரியர்களும் பெற்றோர்களும் சிந்திக்க வேண்டியதைக் கூறி முடிக்கிறேன்.

நம் பள்ளிகளில் படம் ஒரு பாட வேளைக்குள் முடிந்தாக வேண்டும். போட்டிகளிலும் குறித்த மணிக்குள் தாளை வாங்கிவிடுகிறோம். இதனால் பிள்ளைகள் இரண்டில் ஒன்றைக் கற்றுக் கொள்கிறார்கள். ஒன்று, நடுக்கட்டமே வராத வகையில், மனப்பாடமான மலை, சூரியன், இரண்டு தென்னை என்ற படத்தையே ஒவ்வோர் ஆண்டும் வரைவது. இன்றேல், கொஞ்சம் துணிந்து வேறு ஒன்றை முயன்று, நடுவே மணி அடித்ததும், ‘எனக்கு வரைய வராது’ என்ற முடிவோடு வீட்டுக்குப் போவது. இரண்டாவது பிள்ளைதான் உண்மையில் ஓவியப் பாதையில் நடந்தவன். நாம் அவனுக்குத் தோல்வி என்று பெயர் சூட்டி அனுப்புகிறோம்.

இந்தப் பிழையை நானும் செய்திருக்கிறேன். பண்டமாரான் பக்கமிருந்து வரும் ஒரு பையன், துறைமுகத்தின் பாரந்தூக்கிகளை மாலை வெளிச்சத்தில் வரைந்து கொண்டிருந்தான். கோட்டில் மிக அருமையாக வந்திருந்தது. வண்ணத்தில் கலங்கிவிட்டது. மறுநாள் பெற்றோர் கூடும் நாள். அவன் கையிலிருந்த தூரிகையை வாங்கி, நானே வானத்தைத் திருத்தினேன். இரும்புக் கால்களுக்கு நிழல் கொடுத்தேன். நீரில் ஒளி வைத்தேன். படம் சுவரில் நன்றாகத்தான் இருந்தது. அவனுடைய தாயார் வந்து பார்த்து, "நீ வரைஞ்சதாப்பா?" என்று மகிழ்ச்சியோடு கேட்டார். அவன் தரையைப் பார்த்தபடி, "இல்லம்மா, ஐயா வரைஞ்சது" என்றான். அந்த ஆண்டில் அவன் மீண்டும் வண்ணப் பெட்டியைக் கேட்கவில்லை.

நான் அவனிடமிருந்து வாங்கியது தூரிகையை மட்டும் அன்று. கலங்கிய படத்தைத் தானே தெளிய வைக்கும் வாய்ப்பையும் சேர்த்து வாங்கிவிட்டேன். ஆசிரியப் பயிற்சியில், உதவி செய்வது எப்படி என்று நிறையக் கற்றோம். எந்த இடத்தில் கையைக் கட்டிக் கொள்ள வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைதான் எனக்குக் கற்பித்தான்.

இந்நாட்டின் கலை வரலாற்றிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. 1951ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்து பள்ளிகளின் ஓவியக் கல்வியைக் கவனித்த பீட்டர் ஹாரிசு என்ற ஆங்கிலேயர், 1952ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் புதன்கிழமைதோறும் கூடும் ஓவியக் குழு ஒன்றை அமைத்தார். ‘புதன் ஓவியக் குழு’ என்றே அதற்குப் பெயர் வந்தது. ஆசிரியரைப் பார்த்து நகல் எடுப்பதை விட்டு, ஒவ்வொருவரும் தம் வழியைத் தாமே காண வேண்டும் என்பது அவர் கொள்கை. பேட்ரிக் இங், சியோங் லாய்தோங் முதலிய ஓவியர்கள் அக்குழுவில் வளர்ந்தார்கள். வாரம் ஒரு நாள் கூடியதில் இன்னொரு நன்மையும் இருந்திருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். ஒரு புதன் கலங்கிய படத்தை, அடுத்த புதன் தெளிந்த கண்ணோடு காணலாம் அல்லவா?

இதை நம் பள்ளிகளிலும் எளிதாகச் செய்யலாம். ஒரு படத்துக்கு ஒரு பாட வேளை என்பதை மாற்றி, இரண்டு அல்லது மூன்று வாரங்கள் கொடுக்கலாம். பாதிப் படங்களைச் சுவரில் ஒட்டி, எல்லாரும் தள்ளி நின்று பார்த்து, ‘இதில் மிக இருண்ட இடம் எங்கே இருக்க வேண்டும்?’ என்று பேசலாம். தன் படம் மட்டும் கெடவில்லை, எல்லார் படமும் நடுவழியில் இப்படித்தான் நிற்கிறது என்று காண்பதே பிள்ளைக்குப் பாதி மருந்து. கைபேசி இருக்கும் இக்காலத்தில், மத்தீசைப்போல் ஒவ்வொரு நிலையையும் ஆசிரியர் படம் எடுத்து வைப்பதும் கடினம் அன்று. ஆண்டு இறுதியில் அவற்றை வரிசையாகக் காட்டினால், அழகு எங்கிருந்து வந்தது என்பதைப் பிள்ளைகள் தம் கண்ணாலேயே காண்பார்கள்.

பின்னொரு முறை, பூத்தொடுக்கும் தன் பாட்டியை வரைந்த ஒரு சிறுமி அதே இடத்தில் வந்து நின்றாள். பாட்டியின் முகமும் சுவரும் ஒன்றாகிவிட்டன. நான் கைகளைப் பின்னால் கட்டிக் கொண்டு, "எந்த இடம்மா ரொம்ப இருட்டு?" என்று மட்டும் கேட்டேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "பாட்டி கொண்டைக்குப் பின்னாடி ஐயா" என்றாள். அங்கே கருநீலத்தை வைத்தாள். முகம் முன்னால் வந்தது. ஒரு கை மற்றதைவிடப் பெரிதாகத்தான் இருந்தது. பரிசு பெறும் படம் அன்று. ஆனால், பெற்றோர் கூடிய நாளில் அந்தப் படத்தின் பக்கத்திலிருந்து அவள் நகரவே இல்லை.

ஆகவே பெற்றோரும் ஆசிரியரும் நினைவிற்கொள்ள வேண்டுவது இதுவே. அடுத்த முறை உங்கள் பிள்ளை கலங்கிய படத்தோடு வந்து வேறு தாள் கேட்கும்போது, உடனே தாளை எடுத்துக் கொடுக்க வேண்டாம். தூரிகையை வாங்கவும் வேண்டாம். "கொஞ்சம் காயட்டும், தள்ளி வைத்துப் பார்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் அமருங்கள். கைப்பழக்கம் தொடங்கும் இடம் அதுதான்.